பாதி வழியில் பைக் நின்றுவிட்டால்: வடசென்னையிலிருந்து நெடுந்தூரம் கிளம்புகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் பக்கத்திலிருந்து பைக்கில் வடக்கே போகிறவர்கள் விடியற்காலை நான்கு மணி வாக்கில் மூலக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு மாதவரம், செங்குன்றம், கும்மிடிப்பூண்டி என்று போய்த் தடாவில் ஆந்திராவுக்குள் நுழைவார்கள். அங்கிருந்து நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர் என்று கொல்கத்தா வரைக்கும் ஒரே சாலைதான், என்.எச். 16, பழைய ஆட்களுக்கு என்.எச். 5 என்றால் உடனே புரியும். சுமார் 1,700 கிலோமீட்டர். அந்தச் சாலையில் நான் மூன்று முறை போய் வந்திருக்கிறேன், மூன்று முறையும் வண்டி எங்கோ ஓர் இடத்தில் நின்றது. முதல் தடவை பேட்டரி டெர்மினல் லூஸ், இரண்டாவது தடவை செயின் லாக், அதாவது செயினின் இரண்டு முனையையும் சேர்க்கும் துண்டு, கழன்று விழுந்தது, மூன்றாவது தடவை கிளட்ச் கேபிள் அறுந்தது. மூன்றில் ஒன்றுகூட இன்ஜின் கோளாறு இல்லை. மூன்றும் கையில் பொருளும் கொஞ்சம் பழக்கமும் இருந்தால் அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. ஆனால் முதல் தடவை எனக்கு ஒரு பகல் முழுக்கப் போனது, ஏனென்றால் பேட்டரி எந்த மூடிக்குள் இருக்கிறது என்பதையே நான் அன்றைக்குத்தான் தேடினேன்.

அதனால் இதில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது, ரோட்டில் செய்யவேண்டி வரும் எந்த வேலையையும் முதல் தடவையாக ரோட்டில் செய்யாதீர்கள். உங்கள் பின்சக்கரம் முதல் தடவையாகக் கழற்றப்படுவது உங்கள் வீட்டு வாசலில் நடக்கட்டும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால்

ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். வியாசர்பாடியில் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருந்த மெக்கானிக் அண்ணன்தான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். "நான் கை வைக்கமாட்டேன், நீயே கழட்டு, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்று சொல்லி வாசலில் பழைய சாக்கு விரித்துப் போட்டு உட்கார வைத்தார். வடசென்னையில் இந்த மாதிரி ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. 1950களிலிருந்து புல்லட் தயாரித்த தொழிற்சாலை இருந்த திருவொற்றியூர் பக்கத்திலேயே இருக்கிறது, தெருவுக்கு ஒரு கடையாவது இருக்கும். உங்கள் வண்டியை வழக்கமாகப் பார்க்கிறவரிடம் கேளுங்கள், ஒரு மதியம் அவர் கடையில் உட்கார்ந்து பாருங்கள்.

அன்றைக்குச் செய்து பார்க்க வேண்டியவை இவை. சீட்டைக் கழற்றி பேட்டரியும் ஃப்யூஸ் பெட்டியும் எங்கே என்று பார்ப்பது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மாட்டுவது, செயின் தளர்வைச் சரி செய்வது, கிளட்ச் கேபிளைக் கழற்றி மாட்டுவது, பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது. எல்லாவற்றையும் வண்டியோடு வந்த டூல் கிட்டை வைத்தே செய்யுங்கள், கடை ஸ்பேனரைத் தொடாதீர்கள். அப்போதுதான் கம்பெனி கொடுத்த ஸ்பேனரால் பின் ஆக்ஸில் நட்டு அசையவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியவரும், அதற்குச் சரியான நீளக் கைப்பிடி ஸ்பேனர் ஒன்று வாங்கி வைப்பீர்கள்.

பையில் என்ன வைப்பது என்பதற்குப் பெரிய பட்டியல் போடுகிறவர்கள் உண்டு, நான் கொஞ்சம்தான் எடுத்துப் போவேன். பஞ்சர் கிட், காற்றடிக்கும் சின்ன பம்பு, டியூப் டயர் என்றால் ஒரு டியூபும் மூன்று டயர் லிவரும், உங்கள் செயினுக்கு ஏற்ற செயின் லாக் இரண்டு, ஒரு பிளக், ஃப்யூஸ் நான்கைந்து, கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், இன்சுலேஷன் டேப், கேபிள் டை ஒரு கொத்து, இரண்டு முழம் கட்டுக்கம்பி, எம்-சீல், தலையில் மாட்டும் டார்ச், சின்ன மல்டிமீட்டர். சாதாரணத் துணி சோப்பு ஒரு துண்டும் போட்டுக்கொள்ளுங்கள், எதற்கு என்று பிறகு சொல்கிறேன். கேபிள்களைப் பையில் வைப்பதைவிட ஒரு நல்ல வழி உண்டு. புது கிளட்ச் கேபிளைப் பழைய கேபிளை ஒட்டியே ஓடவிட்டு, டேப் போட்டுக் கட்டிவைத்துவிடுங்கள். அறுந்தால் டேங்கைக் கழற்றாமல் இரண்டு முனையை மட்டும் மாற்றி மாட்டினால் போதும்.

கிளம்புவதற்கு முதல் நாள் சர்வீஸுக்கு விடாதீர்கள். என் முதல் பயணத்தில் அதைத்தான் செய்தேன், ஒரு சர்வீஸ் கடையில் பேட்டரியைக் கழற்றி மாட்டியவர்கள் டெர்மினல் ஸ்க்ரூவைச் சரியாக முறுக்கவில்லை, அது 200 கிலோமீட்டர் அதிர்ந்து அதிர்ந்து நெல்லூர் தாண்டிக் கழன்றது. சர்வீஸ் முடிந்து உள்ளூரில் ஒரு 200 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். எண்ணூர், பொன்னேரி, பழவேற்காடு என்று ஒரு சுற்று போய் வந்தால் லூஸானது எல்லாம் வெளியே வந்துவிடும்.

நின்ற பிறகு முதல் பத்து நிமிடம்

ஓடிக்கொண்டிருக்கும் வண்டி இழுவை விட்டால் உடனே கிளட்சைப் பிடியுங்கள், இண்டிகேட்டர் போடுங்கள், இருக்கிற வேகத்திலேயே இடது ஓரத்துக்கு வாருங்கள். தார் ரோட்டின் வெள்ளைக் கோட்டில் நிறுத்தாதீர்கள், மண் வரை இறக்குங்கள். அந்தச் சாலையில் இரவில் வரும் கன்டெய்னர் லாரிக்கு ஓரமாக நிற்கிற பைக் தெரியாது. மணலி, எண்ணூர் ரோட்டில் வண்டி ஓட்டியவர்களுக்கு டிரெய்லர் எப்படி வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பாலத்தின் மேலோ வளைவிலோ நின்றுவிட்டால் வேலையைத் தொடங்காதீர்கள், மூச்சு வாங்கினாலும் தள்ளிக்கொண்டு அதைத் தாண்டிவிடுங்கள்.

பிறகு வண்டியை விட்டு விலகி, தடுப்புக் கம்பி இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாதீர்கள். வெயிலில் ஐந்தாறு மணி நேரம் ஓட்டிய தலையோடு உட்கார்ந்தால், அவசரத்தில் கழற்றிய நட்டு மண்ணில் விழும், அதைத் தேட ஒரு மணி நேரம் போகும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லைப் படம் எடுத்து, மேப்பில் இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108, மற்ற அவசரத்துக்கு 112. 1033-இல் பேசினால் முதலில் கேட்பதே எந்த இடம் என்பதுதான், கல்லில் உள்ள எண்ணும் கடைசியாகத் தாண்டிய டோல்கேட் பெயரும் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

காரணத்தைத் தேடுவது

ஸ்பேனரை எடுக்கும் முன் கண்ணாலும் காதாலும் பார்க்கவேண்டியது நிறைய இருக்கிறது. ஹேண்டில்பாரில் இன்ஜினை அணைக்க இருக்கும் சிவப்பு கில் ஸ்விட்ச் தெரியாமல் தட்டுப்பட்டிருக்கும். சைடு ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு புகுந்திருக்கும், வண்டி அதை ஸ்டாண்ட் கீழே இருப்பதாக எடுத்துக்கொண்டு கியர் போட்டதும் ஆஃப் ஆகும். டேங்கைத் திறந்து ஆட்டிப் பாருங்கள், மீட்டர் முள்ளை நம்பாதீர்கள். திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்றால் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்க் மேல் பையை இறுக்கிக் கட்டுகிறவர்களுக்கும் மழை உறை போடுகிறவர்களுக்கும் இது வரும்.

அடுத்தது, சாவியைப் போட்டதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மீட்டரில் விளக்கே வரவில்லை என்றால் பேட்டரி டெர்மினல், மெயின் ஃப்யூஸ், இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். விளக்கு வருகிறது, செல்ஃப் அடித்தால் 'டக் டக்' என்று மட்டும் கேட்கிறது என்றால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை, இல்லையேல் பிளக்கில் கரண்ட் இல்லை. கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டிகளில் சாவி போட்டதும் டேங்க் அடியில் இரண்டு மூன்று வினாடி 'ஙொய்ய்' என்று பம்பு ஓடும் சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வீட்டில் இருக்கும்போதே காதில் வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது வரவில்லை என்பது ரோட்டில் பெரிய துப்பு, பம்பு ஃப்யூஸையும் ரிலேயையும் நேராகப் போய்ப் பார்க்கலாம்.

ஃப்யூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் ஃப்யூஸ் மாட்டுங்கள். 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 போடுவதும் சிகரெட் அட்டைத் தாளைச் சுருட்டி வைப்பதும் ஒயரையே கருக்கிவிடும். புது ஃப்யூஸும் உடனே போனால் எங்கோ ஒயர் தேய்ந்து பாடியில் படுகிறது. ஹேண்டில்பார் கழுத்துப் பகுதியையும், நீங்களாகப் போட்ட ஃபாக் லைட், மொபைல் சார்ஜர் ஒயர்களையும்தான் முதலில் சந்தேகப்படவேண்டும். அவற்றைக் கழற்றிவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்.

பேட்டரி இறங்கியிருந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். லக்கேஜை இறக்குங்கள், சாவி ஆன், இரண்டாவது கியர், கிளட்சைப் பிடித்துக்கொண்டு தள்ளச் சொல்லி, வேகம் வந்ததும் சீட்டில் அழுத்தி உட்கார்ந்து கிளட்சை விடுங்கள், பற்றியதும் உடனே பிடித்துவிடுங்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் மீட்டர் விளக்குகூட வராத அளவுக்கு பேட்டரி செத்திருந்தால் இது நடக்காது, பம்பு ஓடவே கரண்ட் வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகு மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து ஆக்ஸிலேட்டரை லேசாக முறுக்கிப் பாருங்கள், 13.5-லிருந்து 14.5 வோல்ட் வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. 12-இல் நின்று இறங்கிக்கொண்டே போனால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ரெகுலேட்டரோ காயிலோ போயிருக்கிறது, அடுத்த பெரிய ஊர் வரை முடிந்தவரை எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பகலிலேயே போய்ச் சேருங்கள், வழியில் எங்கும் ஆஃப் செய்யாதீர்கள்.

பஞ்சர்

டியூப்லெஸ் டயரில் ஆணியைப் பார்த்ததும் பிடுங்கிவிடாதீர்கள். காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால், பம்பு அடித்து அடிக்கடி நிறுத்திப் பார்த்துக்கொண்டே நிழலுள்ள ஓர் இடம் வரை போய்விடலாம். உட்கார்ந்த பிறகு கிட்டைத் திறந்து, ஊசியில் ரப்பர் பட்டையைக் கோத்து, பசை தடவித் தயாராக வைத்துக்கொண்டு ஆணியைப் பிடுங்குங்கள், அரத்தை நான்கைந்து முறை உள்ளே விட்டு எடுங்கள், பட்டையைச் சொருகி ஊசியைச் சட்டென்று இழுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை ஒட்ட அறுக்காமல் கொஞ்சம் விடுங்கள். எச்சில் வைத்துப் பாருங்கள், குமிழி வரவில்லை என்றால் முடிந்தது. டயரின் பக்கச் சுவர் கிழிந்திருந்தால் பட்டை நிற்காது, அதோடு வேகமாக ஓட்டவும் கூடாது.

ஸ்போக் வீல் வண்டிகளில் டியூப் இருக்கும், இதுதான் உண்மையான வேலை. மெயின் ஸ்டாண்ட் இல்லாத வண்டியென்றால் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்த என்ன செய்வது என்று வாசலில் பழகும்போதே யோசித்து வையுங்கள். சக்கரத்தைக் கழற்றும் முன் எந்த வாஷர், எந்த புஷ் எந்தப் பக்கம் இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றை முழுக்க எடுத்துவிட்டு டயரின் விளிம்பைச் சுற்றிலும் மிதித்து ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கினால்தான் லிவர் சுலபமாக ஏறும். டியூபை எடுத்ததும் புதியதைப் போட அவசரப்படாதீர்கள். டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துணியை ஓட்டிப் பாருங்கள், குத்திய முள்ளோ கம்பியோ உள்ளேயே இருந்தால் துணி மாட்டும். கையை விட்டுத் தேடினால் விரல் கிழியும். புது டியூபில் வடிவம் வருமளவு கொஞ்சம் காற்று விட்டு உள்ளே வையுங்கள், டயரை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வு அருகே வந்து முடியுங்கள். கடைசி ஒரு சாண் மிகவும் இறுக்கமாக வரும், அந்த இடத்தில் பலத்தைக் காட்டினால் லிவர் புது டியூபையே கடித்துவிடும். எதிர்ப்பக்கம் முழங்காலால் அழுத்தி டயரைப் பள்ளத்தில் இறக்கிவிட்டால் அந்த ஒரு சாண் தானாகத் தளரும்.

செயினும் கேபிளும்

செயின் லாக் கழன்று செயின் விழுந்தால் முதலில் இன்ஜின் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பக்கம் எட்டிப் பாருங்கள், செயின் சுருண்டு உள்ளே கவரை உடைத்திருக்கலாம். உடைந்து ஆயில் கசிந்தால் சுத்தமாகத் துடைத்து எம்-சீல் பிசைந்து அப்பி, ஒரு மணி நேரம் காயவிட்டு, ஆயில் அளவைப் பார்த்துவிட்டு மெதுவாகப் போகலாம். கவர் நன்றாக இருந்தால் செயினைப் பின் ஸ்பிராக்கெட் பல்லின் மேல் இரண்டு முனையையும் சேர்த்து வைத்து லாக்கை மாட்டுங்கள், பல்லே பிடித்துக்கொள்ளும். லாக்கின் மேல் வரும் கிளிப் மீன் வடிவத்தில் இருக்கும். காசிமேட்டுப் பையனுக்குச் சொல்வதென்றால், செயின் ஓடுகிற பக்கம் மீனின் தலை இருக்கவேண்டும், பிளந்த வால் பின்னால். செயினின் மேல்வரிசை முன்பக்கமாக ஓடும், ஆகவே மேல்வரிசையில் பார்த்தால் தலை முன்னால். திருப்பி மாட்டினால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும், எனக்குக் காவலி அருகே நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

கிளட்ச் கேபிள் பெரும்பாலும் லிவர் முனையில்தான் அறுகிறது. ஒரே நாளில் அறாது, ஒவ்வோர் இழையாக அறும். கிளட்ச் திடீரென்று கரகரவென்று இருந்தால் அன்றைக்கு இரவு தங்கும் இடத்திலேயே பாருங்கள். மாற்றுக் கேபிள் இல்லாமல் அறுந்துவிட்டால் கிளட்ச் இல்லாமலும் ஓட்டலாம். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, காலால் தரையை உதைத்து வண்டியை நகரவிட்டு, உருளும்போது முதல் கியரைத் தட்டுங்கள், ஒரு குலுங்கு குலுங்கிப் போகும். மேல் கியர் மாற்ற, காலை கியர் லிவரில் லேசாக அழுத்தி வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடுங்கள், கியர் தானே விழும். நிற்க வேண்டுமென்றால் முன்கூட்டியே நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். நான் ஸ்ரீகாகுளம் தாண்டி 30 கிலோமீட்டர் இப்படிப் போனேன். திறந்த நெடுஞ்சாலையில் முடிகிற காரியம் இது, ஊருக்குள் நெரிசலில் முயலவேண்டாம்.

டேங்கில் ஊசித்துளை விழுந்து பெட்ரோல் கசிந்தால் அந்தத் துணி சோப்பைத் துளையின் மேல் அழுத்தித் தேயுங்கள், பெட்ரோலில் சோப்பு கரையாது, அடுத்த ஊர் வரை தாங்கும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு செய்யுங்கள், பக்கத்தில் யாரையும் சிகரெட்டோடு நிற்க விடாதீர்கள்.

சூடு, வெள்ளம்

கத்திரி வெயிலில் ஓங்கோல் பக்கம் இன்ஜின் இழுவை குறைந்து வேறு மாதிரி சத்தம் போட்டால் நிழலில் அரை மணி நேரம் விடுங்கள். சூடான சிலிண்டரில் தண்ணீர் ஊற்றாதீர்கள், ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். ஆறியதும் ஆயில் அளவு பாருங்கள்.

வெள்ளத்தைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும், கணேசபுரம் சப்வேயில் மழைக்கு மழை பார்த்திருக்கிறோம். தண்ணீரில் ஆஃப் ஆன வண்டியை அங்கேயே நின்று செல்ஃப் அடிக்கவே கூடாது. தண்ணீர் சிலிண்டருக்குள் இருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும், அதோடு அந்தப் பயணம் முடிந்தது. தள்ளி மேட்டில் ஏற்றி, பிளக்கைக் கழற்றி, பிளக் ஓட்டையிலிருந்து முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு கிக்கரையோ செல்ஃபையோ அடித்தால் தண்ணீர் பீச்சி வெளியேறும். ஏர் ஃபில்டரைப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

முடியாது என்று எப்போது முடிவெடுப்பது

நான் வைத்திருக்கும் கணக்கு ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் காரணமே பிடிபடவில்லை என்றாலோ, இன்ஜினுக்குள் இரும்பு அடிக்கும் சத்தம் கேட்டாலோ, பிரேக் பிடிக்கவில்லை என்றாலோ, பொழுது சாயத் தொடங்கினாலோ, பைக்கை வேறு வண்டியில் ஏற்றிவிடுவதுதான் சரி. ஆந்திராவில் "அண்ணா, பண்டி ஆகிப்போயிந்தி, மெக்கானிக் எக்கட?" என்று கேளுங்கள், ஒடிசாவுக்கு மேல் "பையா, காடி பந்த் ஹோ கயி, மிஸ்திரி கஹான் மிலேகா?" போதும். லாரி பஞ்சர் கடைக்காரரிடமும் தாபாவிலும் கேட்டால், பக்கத்து ஊரில் யார் நல்ல மிஸ்திரி என்பதையும் பைக்கை ஏற்ற குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) யாரிடம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுவார்கள். வாடகையை ஏற்றும் முன்பே பேசிவிடுங்கள். ஏற்றிய பிறகு சைடு ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டாதீர்கள். முன்சக்கரத்தை கேபின் சுவரில் முட்டவிட்டு, ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபோர்க் பகுதியில் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, முன் ஷாக் பாதி அமுங்கும் வரை இழுத்துக் கட்டுங்கள். இன்சூரன்ஸில் சாலை உதவி சேர்த்திருந்தால் அந்த எண்ணுக்கு முதலில் பேசுங்கள், பாலிசியும் ஆர்.சி.யும் போனிலேயே இருக்கட்டும்.

பெரிய செலவு என்று தெரிந்துவிட்டால் ரயிலில் பார்சல் போட்டுவிடலாம். பார்சல் ஆபீஸில் ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் கேட்பார்கள், டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக்கூடாது, டேங்கையும் ஹெட்லைட்டையும் சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்டவேண்டும், பெயரும் சேரும் ஸ்டேஷனும் பெரிதாக எழுதி மாட்டவேண்டும். என்.எச். 16-ஐ ஒட்டியே ரயில் பாதை போவதால் விஜயவாடா, விசாகப்பட்டினம் மாதிரி பெரிய ஸ்டேஷன் வரை வண்டியைக் கொண்டுவந்துவிட்டால் சென்ட்ரலில் வந்து எடுத்துக்கொள்ளலாம். சென்ட்ரலுக்குப் போகும்போது ஒரு கேனில் ஒரு லிட்டர் பெட்ரோல் எடுத்துப் போங்கள், கண்ணாடியைக் கழற்றி அனுப்பியிருந்தால் அதை மாட்ட ஸ்பேனரும்.

ரோட்டிலேயே சரியாகிவிட்டால் பத்து கிலோமீட்டர் போய் ஒரு தடவை நிறுத்துங்கள். தொட்ட ஒவ்வொரு நட்டையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள், செயின் தளர்வையும் டயர் காற்றையும் பாருங்கள். கட்டுக்கம்பியும் எம்-சீலும் அடுத்த கடை வரைக்கும்தான், அங்கே சரியான பொருளைப் போட்டுவிடுங்கள். வீடு வந்து குளித்துத் தூங்கி எழுந்த மறுநாள், பையில் செலவான டியூபையும் செயின் லாக்கையும் கேபிளையும் வாங்கி அதே இடத்தில் வைத்துவிடுங்கள்.